திறப்பும் இயந்திரமும்: மோட்டார் வாகனப் பூட்டின் வரலாற்றில் ஒரு முரண்பாடு

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எக்கருவியை யார், எப்போது ஆக்கினார் என்னும் வினாவுக்கு விடை கூறியதும் வரலாற்றாசிரியரின் கடன் முடிந்துவிடுகின்றது. ஆயினும், ஒரு கருவி பிறிதொரு கருவியோடு மோதும் இடங்களிலேயே அவ்விரண்டையும் தோற்றுவித்த சமூகத்தின் தேவைகளும் அச்சங்களும் தெளிவாகப் புலப்படுகின்றன. மோட்டார் வாகனத்தின் வரலாற்றில் அத்தகைய மோதல் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்டது. உரிய திறப்பு அருகில் இல்லாதபோது இயந்திரம் இயங்கலாகாது என்பது ஒரு கருவியின் விதி. திறப்பும் உரியவரும் அருகில் இல்லாதபோதே இயந்திரம் இயங்கவேண்டும் என்பது மற்றைய கருவியின் நோக்கம். முன்னது ‘இம்மொபிலைசர்’ என வழங்கும் இயக்கத் தடைப்பொறி. பின்னது ‘றிமோட் ஸ்ராட்டர்’ என வழங்கும் தொலைமுடுக்கி. இவ்விரண்டையும் ஒரே வாகனத்தில் இணைக்க முற்பட்டோர், தடைப்பொறியை நம்பச் செய்து கடந்து செல்லும் புறவழிக் கருவி என்னும் மூன்றாவது கருவியொன்றை ஆக்கிக்கொண்டனர். இம்மூன்றும் தோன்றி வளர்ந்தவாற்றை ஆராய்ந்து, பூட்டின் காவல் உண்மையில் எதிலே தங்கியுள்ளது என்னும் வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கைச்சுழலியிலிருந்து திறப்பு வரை

மோட்டார் வாகனத்தின் தொடக்க காலத்தில் அதனை இயக்குவதற்குத் திறப்பைக் காட்டிலும் உடல்வலிமையே இன்றியமையாததாயிருந்தது. வாகனத்தின் முன்புறத்தில் இரும்புக் கைச்சுழலியொன்றைச் செருகி, இயந்திரத்தின் சுழல்தண்டைக் கையாற் சுழற்றியே அதனை முடுக்கினர். தீப்பொறி உரிய கணத்துக்கு முன்னரே எழுமாயின் இயந்திரம் எதிர்த்திசையில் உதைத்துக் கைச்சுழலியை வீசியெறியும். அவ்வுதையினால் மணிக்கட்டும் முன்கையும் முறிந்தோர் பலர். வலிமையும் பழக்கமும் வாய்க்கப்பெறாதோர் வாகனத்தைத் தனியே செலுத்துதல் அக்காலத்தில் அரிதாயிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்நிலையை மாற்றியவர் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டேற்றன் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் கெற்றறிங் என்னும் பொறியியலாளர் ஆவார். அவர் முன்னர் பணப்பதிவுப் பொறிகளை ஆக்கும் நிறுவனமொன்றிற் பணியாற்றி, அப்பொறிகளை இயக்குவதற்கான சிறிய மின்மோட்டரை வடிவமைத்தவர். இடையறாது உழைக்கவேண்டிய மோட்டர் பெரிதாயிருத்தல் வேண்டும். சில கணங்கள் மாத்திரம் உழைக்கவேண்டிய மோட்டரோ சிறிதாயிருந்தும் தன் அளவுக்கு மீறிய விசையைத் தரவல்லது. பணப்பதிவுப் பொறியிற் கற்ற இப்பாடத்தை அவர் வாகனத்துக்கும் பொருத்தினார். 1912 ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வாகனங்கள் மின்முடுக்கியுடன் விற்பனைக்கு வந்தன. அக்கண்டுபிடிப்புக்கான காப்புரிமை 1915 இல் வழங்கப்பெற்றது. பொதுமக்களின் வாகனமாக விளங்கிய போர்ட் ‘ரி’ மாதிரியிலும் 1919 முதல் மின்முடுக்கி கிடைக்கலாயிற்று.

இம்மாற்றத்தின் விளைவு ஒருமுகமானதன்று. கைச்சுழலி பலரை வாகனத்திலிருந்து விலக்கிவைத்தது. அவ்வாறு விலக்கியமையால் அது ஒருவகைப் பூட்டாகவும் பயன்பட்டது. பலர் காணத் தெருவில் நின்று வியர்வை சிந்திச் சுழற்றியே ஒரு வாகனத்தைக் கொண்டுசெல்லவேண்டியிருந்த கள்வனுக்கு அதுவே ஒரு தடையாயிற்று. ஒரு விரலின் அழுத்தத்தால் இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அவ்வியல்பான தடை நீங்கிற்று. எளிமை உரியவருக்கும் அல்லாதவருக்கும் ஒருங்கே கிடைத்தது. எனவே, வலிமை விலகிய இடத்திலே திறப்பு வந்து அமர்ந்தது எனலாம். தொடக்கத்தில் தீப்பொறிச் சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் மாத்திரமே திறப்பு பயன்பட்டது; முடுக்குவதற்கு வேறொரு பொத்தானோ மிதியோ இருந்தது. 1949 ஆம் ஆண்டின் கிறைஸ்லர் வாகனங்களில் திறப்பைத் திருப்பியே முடுக்கும் முறை அறிமுகமாயிற்று. அதன் பின்னர், உரிமையை நிறுவுதலும் இயந்திரத்தை முடுக்குதலும் ஒரே கைத்திருப்பில் அடங்கின. பிற்காலத்து மோதலுக்கு வித்திட்டது இவ்விணைவே என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. களவும் சட்டமும்

வாகனக் களவு வாகனத்தோடு உடன்பிறந்தது. களவெடுத்த வாகனத்தை மாநில எல்லை கடந்து கொண்டுசெல்லுதலை மத்திய அரசின் குற்றமாக்கிய ‘டயர் சட்டம்’ ஐக்கிய அமெரிக்காவில் 1919 இலேயே நிறைவேறியது. மின்முடுக்கி பரவலாகிய காலமும் இச்சட்டம் எழுந்த காலமும் அண்மித்திருத்தல் நோக்கற்பாலது. எனினும், தண்டனைச் சட்டம் ஓடிய வாகனத்தைத் தொடர்ந்து செல்லவல்லதேயன்றி, நிற்கும் வாகனத்தைக் காக்கவல்லதன்று. திறப்புத் துளைக்குப் பின்னாலுள்ள இரு கம்பிகளை இணைக்கத் தெரிந்தவனுக்குத் திறப்பே தேவைப்படவில்லை. ஏனெனில், அக்காலத் திறப்பு உலோகத்தாலான ஒரு மின்னாளியை அசைத்ததேயன்றி வேறொன்றையும் செய்யவில்லை.

இக்குறையை நிரப்புமுகமாகச் சுக்கான் தண்டையே பூட்டும் முறை தோன்றியது. கம்பிகளை இணைத்து இயந்திரத்தை முடுக்கினும், சுக்கான் திரும்பாவிடின் வாகனத்தைச் செலுத்தல் இயலாது. மேற்கு ஜேர்மனி 1960களின் முற்பகுதியிற் சுக்கான் பூட்டைச் சட்டமாக்கியபோது, புதிய வாகனங்களோடு ஏற்கெனவே வீதியிலிருந்த பழைய வாகனங்களையும் அதற்கு உட்படுத்தியது. பிரித்தானியாவிலோ 1971 முதல் புதிய வாகனங்கள் மாத்திரமே அதற்கு உட்பட்டன. இவ்விரு நாடுகளின் அனுபவங்களை ஒப்பிட்ட பிரித்தானிய உள்நாட்டு அலுவலகத்தின் ஆய்வொன்று 1976 இல் வெளிவந்தது. ஜேர்மனியிற் களவு குறைந்தது. பிரித்தானியாவிற் புதிய வாகனங்கள் தப்பினவாயினும் பூட்டற்ற பழைய வாகனங்களின் மீது கள்வரின் நாட்டம் திரும்பியது. ஒரு வாகனத்துக்கு இடும் பூட்டு, அயலிலுள்ள பூட்டற்ற வாகனத்துக்கு ஆபத்தை மாற்றிவிடக்கூடும் என்னும் உண்மை இதனாற் புலனாயிற்று. காவல் என்பது தனிமனிதர் தம் பணத்தாற் கொள்ளும் பண்டம் மாத்திரமன்று. அது பொதுவானவொரு பொருள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1970 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த மத்திய தரவிதியும் திறப்பை எடுத்ததும் சுக்கானோ வாகனத்தின் நகர்ச்சியோ தடைப்படவேண்டுமென விதித்தது.

3. விடையளிக்கும் திறப்பு

சுக்கான் பூட்டும் உலோகமே. போதிய பலத்துடன் தாக்கின் உலோகம் முறியும். எனவே, உடைத்தாலும் பயன் விளையாத ஒரு பூட்டைத் தேடும் முயற்சி இலத்திரனியல் துறையை நாடியது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1986 ஆம் ஆண்டுக்குரிய கொர்வெற் வாகனத்தில் இம்முயற்சியின் முதற்பயனை வெளியிட்டது. திறப்பின் அலகிலே சிறிய மின்தடையியொன்று பதிக்கப்பட்டிருந்தது. திறப்பைச் செருகியதும் வாகனம் அத்தடையின் அளவை அளந்தது. அளவு பொருந்தாவிடின் முடுக்கியும் எரிபொருளும் சில நிமிட நேரம் தடுக்கப்பட்டன. ஆயினும் வழக்கிலிருந்த தடை அளவுகள் பதினைந்து மாத்திரமே. அவ்வளவை அறிந்த எவரும் அதேயளவு தடையியொன்றைக் கடையில் வாங்கலாம்.

1990களில் இக்குறையும் நீக்கப்பட்டது. திறப்பின் தலைப்பகுதியில் மின்கலம் எதுவுமின்றி ஒரு நுண்சுற்று வைக்கப்பட்டது. திறப்புத் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்னைப் பெறுகின்றது. வாகனத்தின் கணினி எழுந்தமானமான எண்ணொன்றை வினாவாக அனுப்புகின்றது. நுண்சுற்று தன்னிடமுள்ள மறைவெண்ணைக் கொண்டு அவ்வினாவை மாற்றி விடையாகத் திருப்புகின்றது. விடை சரியாயின் மாத்திரமே எரிபொருள் பாய்கின்றது. வினா ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஒருமுறை கேட்ட விடையைப் பதிவுசெய்து மறுமுறை ஒப்புவித்துப் பயனில்லை. இவ்வாறு, வெறும் உலோகமாயிருந்த திறப்பு வினாவுக்கு விடையளிக்கும் ஒன்றாக மாறிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஒக்டோபர் முதல் புதிய பயணிகள் வாகனங்கள் யாவற்றுக்கும் இத்தடைப்பொறியைக் கட்டாயமாக்கியது. அவுஸ்திரேலியா 2001 இலும், கனடா 2007 செப்டெம்பரிலும் அவ்வழியைப் பின்பற்றின. நெதர்லாந்தின் தரவுகளைக் கொண்டு வான் ஊர்ஸ், வொலார்ட் என்னும் பொருளியலாளர் இருவர் செய்த ஆய்வு, 1995 முதல் 2008 வரையான காலத்தில் தடைப்பொறி வாகனக் களவைச் சராசரியாக 40 சதவீதமளவு குறைத்ததென மதிப்பிட்டது. ஐக்கிய அமெரிக்காவோ இதனைச் சட்டமாக்காது உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விட்டது. அதன் விலை பின்னர் தெரியவந்தது. 2015 ஆம் ஆண்டுக்குரிய வாகனங்களில் ஏனைய நிறுவனங்களின் ஆக்கங்களுள் 96 சதவீதமானவை தடைப்பொறி பெற்றிருக்க, ஹியுண்டாய், கியா ஆகியவற்றின் வாகனங்களில் 26 சதவீதமானவையே அதனைப் பெற்றிருந்தன. 2021 இல் மில்வோக்கி நகரில் தொடங்கிய களவலை அடுத்த ஆண்டிலே நாடெங்கும் பரவியது. கள்வருட் பலர் பதின்ம வயதினர். களவெடுத்த வாகனங்கள் மோதி உயிர்கள் அழிந்தன. 2023 பெப்ரவரியில் அந்நிறுவனங்கள் ஏறத்தாழ 83 இலட்சம் வாகனங்களுக்குக் கணினி நிரல் வழியான திருத்தத்தை அறிவித்தன. சட்டம் கட்டாயப்படுத்திய கனடாவில் அதே நிறுவனங்களின் வாகனங்கள் தடைப்பொறியுடனேயே விற்கப்பட்டிருந்தன என்பது இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது.

4. குளிர்நாட்டின் தேவை

தடைப்பொறியின் வரலாற்றிற் கனடாவின் மனிற்றோபா மாகாணத் தலைநகராகிய வின்னிபெக்கிற்குத் தனியிடம் உண்டு. 2000களின் நடுப்பகுதியிற் கனடிய மாநகரங்களுள் வாகனக் களவு விகிதத்தில் முன்னணியில் நின்றது அந்நகரே. களவெடுத்தோரிற் பெரும்பாலானோர் விற்பதற்காகவன்றி ஓட்டி மகிழ்வதற்காகவே எடுத்த இளைஞர்கள். அம்மாகாணத்தில் 1971 முதல் அடிப்படை வாகனக் காப்புறுதி அரச கூட்டுத்தாபனமொன்றின் பொறுப்பிலேயே இருந்து வந்தது. ஆதலால் ஒவ்வொரு களவின் இழப்பும் வாகன உரிமையாளர் யாவரின் தலையிலும் விழுந்தது. களவைத் தடுப்பதற்குச் செலவிடும் பணமும் அவ்வாறே யாவருக்கும் பயன் தந்தது. அதிக ஆபத்துக்குட்பட்ட பழைய வாகனங்களுக்குத் தடைப்பொறி இலவசமாகப் பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த இது, 2007 செப்டெம்பர் முதல் அவ்வகை வாகனங்களுக்குக் கட்டாயமாயிற்று. அத்துடன், களவில் ஈடுபடும் இளைஞரை நெருங்கிக் கண்காணிக்கும் திட்டமும் அவர்களுக்கான உதவித் திட்டங்களும் இணைக்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் களவு பெருவீழ்ச்சி கண்டது. மேற்கு ஜேர்மனி கற்பித்த பாடம், அதாவது பழைய வாகனங்களையும் உள்ளடக்கவேண்டும் என்னும் பாடம், நாற்பது ஆண்டுகளின் பின்னர் இங்கே மீண்டும் உறுதிப்பட்டது.

இதே வின்னிபெக் குளிருக்கும் பெயர்போனது. மாரியில் வெப்பநிலை −30 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அத்தகைய காலையில் உராய்வு நீக்கும் எண்ணெய் தேன்போற் தடிக்கின்றது. மின்கலவடுக்கின் ஆற்றல் குன்றுகின்றது. கண்ணாடிகள் உறைபனியால் மூடப்படுகின்றன. இரவு முழுவதும் வாகனத்தை மின்கம்பியில் தொடுத்து இயந்திரத்தைச் சூடாக்கி வைக்கும் கருவியை, அண்மையிலுள்ள அமெரிக்க நகராகிய கிராண்ட் போர்க்ஸைச் சேர்ந்த அன்று பிறீமன் 1940களில் ஆக்கினார். அது இயந்திரத்தைச் சூடாக்கியது. இருக்கையையும் கண்ணாடியையும் அன்று. அவற்றுக்காக மக்கள் வாகனத்தை முடுக்கித் திறப்பை அதிலேயே விட்டு வீட்டுக்குள் மீண்டனர். கள்வனுக்கு இதனினும் எளிய வாய்ப்பு வேறில்லை. தடைப்பொறி எத்துணைச் சிறந்ததாயினும், உரிய திறப்பு உள்ளேயிருந்து இயங்கும் வாகனத்தை அதனாற் காக்க முடியாது.

இவ்விடத்திலேதான் தொலைமுடுக்கி பயன்பட்டது. வீட்டினுள்ளிருந்து கைப்பொறியின் பொத்தானை அழுத்த, வானொலி அலை வாகனத்திலுள்ள பெறுவியை அடைகின்றது. கதவுகள் பூட்டியிருக்க இயந்திரம் தானே இயங்குகின்றது. இக்கருவி 1980களிலிருந்தே தனி விற்பனையாளராற் பின்னர் பொருத்தப்படும் பொருளாகப் பரவியது. ஜெனரல் மோட்டர்ஸ் 2004 ஆம் ஆண்டுக்குரிய செவ்ரோலெற் மலிபு வாகனத்தில் அதனைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தந்தது. பலர் இதனை வெறும் சொகுசாகக் கருதுவர். ஆனால், திறப்பை உள்ளே விட்டுச் செல்லும் ஆபத்தான வழக்கத்தை ஒழிக்க உதவிய அளவில் இதுவும் ஒரு காவற் கருவியே. எனவே, தடைப்பொறிக்கும் தொலைமுடுக்கிக்கும் இடையில் எழுந்த மோதலைக் காவலுக்கும் சொகுசுக்கும் இடையிலான மோதல் எனச் சுருக்கிவிடல் பொருந்தாது. அது இரு காவல் முறைகளுக்கிடையே எழுந்த மோதலுமாகும்.

5. புறவழி

தொலைமுடுக்கியைப் பொருத்துவோர் திறப்புத் துளையின் பின்னாலுள்ள கம்பிகளை முறைப்படி இணைத்தால் முன்னர் போதுமாயிருந்தது. பழைய கள்வன் செய்ததையே, உரியவரின் இசைவுடன், ஒழுங்காகவும் நிலையாகவும் அவர்கள் செய்தனர் எனலாம். தடைப்பொறி வந்தபின் இது போதாதாயிற்று. கம்பிகள் இணைந்தும் கணினி வினாவை எழுப்பியது. விடையளிக்கத் திறப்பு அங்கில்லை.

மின்தடைத் திறப்பின் காலத்தில் தீர்வு எளிதாயிருந்தது: திறப்பிலுள்ள தடையியை அளந்து, அதேயளவு தடையியொன்றைத் தொலைமுடுக்கி இயங்கும் கணத்தில் மாத்திரம் சுற்றில் இணைத்தனர். விடையளிக்கும் திறப்பின் காலத்தில் அவ்வாறு போலி செய்தல் இயலாதாகையால், மெய்யான திறப்பையே வாகனத்தில் வைக்கவேண்டியதாயிற்று. உரியவரிடமிருந்து இரண்டாவது திறப்பைப் பெற்று, கம்பிச்சுருளையுடைய சிறு பெட்டியிலிட்டு, கருவிப் பலகைக்குப் பின்னால் மறைத்தனர். தொலைமுடுக்கி கட்டளையிடும்போது மாத்திரம் அப்பெட்டிச் சுருள் திறப்புத் துளையின் சுருளோடு இணைகின்றது. வினா அங்கே சென்று, விடை இங்கே திரும்புகின்றது. கட்டளை இல்லாத வேளையில் அவ்விணைப்பு அறுந்து கிடக்கின்றது.

இதனை நுணுகி நோக்குமிடத்து, புறவழிக் கருவி பூட்டை உடைக்கவில்லை என்பது தெளிவாகும். மறைவெண் கண்டறியப்படவுமில்லை, கணினி ஏமாற்றப்பட்டதெனக் கூறுவதும் முழுமையாகப் பொருந்தாது. கணினி கேட்டது உரிய திறப்பின் விடை. அதற்குக் கிடைத்ததும் உரிய திறப்பின் விடையே. ஆனால், அதனை ஆக்கியோர் ‘திறப்பு அருகிலிருந்தால் உரியவரும் அருகிலிருப்பார்’ எனக் கொண்டிருந்தனர். புறவழிக் கருவி அக்கொள்கையை மாத்திரமே பொய்யாக்கியது. பூட்டு ஒருபோதும் மனிதரை அறிந்ததில்லை. மனிதர் கையிலிருக்கும் அடையாளத்தையே அது அறிந்திருந்தது.

வாகனத்தினுள்ளே அதன் திறப்பையே ஒளித்துவைத்தல் காவலை ஓரளவு தளர்த்துவதாகும் என்பதை இத்தொழிலில் ஈடுபட்டோர் உணராதிருக்கவில்லை. பின்னர் வந்த புறவழிக் கருவிகள் திறப்பை வேண்டாது, வாகனத்தின் கணினிகள் தம்முட் பேசும் தரவுக் கம்பியில் இணைந்து, அம்மொழியைக் கற்று விடையளித்தன. அவற்றைப் பழக்குதற்கு உரியவரின் திறப்பு முதலில் தேவைப்பட்டது. அதனோடு வேறு எல்லைகளும் வகுக்கப்பட்டன. இயந்திரப் பகுதியின் மூடி திறந்திருப்பின் தொலைமுடுக்கி இயங்காது. உள்ளே புகுந்தவர் மெய்யான திறப்பை இட்டுத் திருப்பாமல் தடுப்பு மிதியை அழுத்தினால் இயந்திரம் நின்றுவிடும். எவரும் வராவிடின் குறித்த நிமிடங்களில் அது தானே அணையும். மூடிய வாகனக் கொட்டிலில் இயங்கும் இயந்திரம் காபனோரொட்சைட்டு நஞ்சை நிரப்பும் என்பதால் இவ்வெல்லை உயிரைக் காப்பதும் ஆகும். ஆகவே, புறவழி திறந்த காவலை, நேரத்தாலும் செயலாலும் அமைந்த எல்லைகள் மீண்டும் கட்டியெழுப்பின.

6. இரகசியமும் அறிவும்

உரியவரின் இசைவுடன் தொழினுட்பவியலாளர் செய்ததைப் பிறர் இசைவின்றிச் செய்யவும் கூடும். 2011 இல் சூரிச்சிலுள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர், திறப்பைக் கையில் எடுக்காமலே இயங்கும் புதிய வாகனங்களின் வினாவையும் விடையையும் தொலைவுக்கு எடுத்துச் செல்லலாமெனக் காட்டினர். எட்டு உற்பத்தியாளரின் பத்து மாதிரிகள் அச்சோதனைக்குள்ளாயின. வீட்டினுள் உறங்கும் திறப்பின் விடை வெளியே நிற்கும் வாகனத்தைச் சென்றடைந்தது. கருத்தளவில் இது மறைத்த பெட்டியின் முறையே: திறப்பு ஓரிடத்திலும் பூட்டு வேறோரிடத்திலும் இருக்க, இடையிலே விடை கொண்டுசெல்லப்படுகின்றது. வேறுபாடு இசைவில் மாத்திரமே உள்ளது. பின்னாளிற் கனடாவில் வாகனங்கள் களவாடப்பட்டுக் கப்பலேற்றப்படுதல் பெருகி, 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடொன்றைக் கூட்டவேண்டிய நிலை தோன்றியது. விளையாட்டாக எடுத்த இளைஞனைத் தடுத்த கருவி, தொழிலாக எடுக்கும் குழுவைத் தடுக்கப் போதாதாயிற்று.

மறைவெண் முறைகளின் வலிமையும் சோதனைக்குள்ளாயிற்று. 2005 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுகூடத்தாரும், பரவலாகப் பயன்பட்ட திறப்பு நுண்சுற்றொன்றின் மறைவெண் 40 இருமவிலக்க நீளமே கொண்டதாகையால் அதனைக் கணித்தறியலாமெனக் காட்டினர். ‘மெகமோஸ்’ என்னும் பிறிதொரு முறையின் குறைகளைப் பேர்மிங்காம், நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தபோது, வொல்க்ஸ்வாகன் நிறுவனம் 2013 இல் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்று, அவ்வாய்வு வெளிவராது நிறுத்தியது. இரு ஆண்டுகளின் பின், 2015 இல், ஒரு வாக்கியம் நீக்கப்பட்ட நிலையில் அது வெளியிடப்பட்டது.

இவ்வழக்கின் இரு தரப்பு நியாயங்களும் புதியனவல்ல. 1851 இல் இலண்டன் மாநகரிற் பெரும் பொருட்காட்சி நடந்த ஆண்டில், அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் அல்பிரெட் ஹொப்ஸ், வெல்லவியலாதென எண்ணப்பட்ட சப் நிறுவனத்தின் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் திறந்தார். பிறாமா நிறுவனம் 200 கினி பரிசு வைத்துக் கடைச்சாளரத்திற் காட்டிவந்த பூட்டையும், 16 நாட்களிற் பரந்த 51 மணி நேர உழைப்பின் பின் திறந்தார். குறைகளை வெளிப்படுத்தல் கள்வருக்குக் கற்பித்தலாகாதா என அன்றும் வினவினர். கள்வர் தம் தொழிலை முன்னரே அறிவர், அறியாதோர் பூட்டை நம்பி வாங்குவோரே என்னும் விடையும் அன்றே கூறப்பட்டது. 1883 இல் அகுஸ்த் கேர்க்கொவ்ஸ் என்னும் மொழியறிஞர் இராணுவ மறைமொழி பற்றி எழுதியபோது, ஒரு முறையின் அமைப்புப் பகைவர் கையிற் சேர்ந்தாலும் மறைவெண் ஒன்றே அதனைக் காக்கப் போதுமாயிருத்தல் வேண்டுமெனக் கோட்பாடு வகுத்தார். அமைப்பை மறைத்துவைப்பதாற் பெறும் காவல், அமைப்பு வெளிப்படும் நாள்வரை மாத்திரமே நிற்கும் என்பது அதன் பொருளாகும்.

7. உரிமை யாருக்கு?

மறைத்தலின் பயனை யார் பெறுகின்றனர் என்னும் வினாவும் இதனோடு எழுகின்றது. திறப்பை இழந்த உரிமையாளர், புதிய திறப்பை வாகனத்துக்கு அறிமுகப்படுத்த உற்பத்தியாளரின் முகவரையே நாடவேண்டிய நிலை தோன்றியது. தெருமுனையிலிருந்த பூட்டுத் தொழிலாளரும் சிறிய பழுதுபார்க்கும் நிலையத்தாரும் அறிவின் வெளியே நிறுத்தப்பட்டனர். கள்வனை நோக்கி எழுப்பிய மதில் தொழிலாளனையும் வெளியே தள்ளிற்று. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலம் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கியபோது, இரு தரப்பையும் இணக்கும் வழியொன்று நாடப்பட்டது. பொதுவான பழுதுபார்க்கும் தகவல்கள் யாவருக்கும் கிடைக்கவேண்டுமென விதித்த அச்சட்டம், தடைப்பொறி பற்றிய தகவல்களை மாத்திரம், தம்மைப் பதிவுசெய்து அடையாளம் காட்டிய தொழிலாளர் பெறும் தனியானவொரு முறையினூடாக வழங்கச் செய்தது. இங்கே அறிவு முற்றாக மறைக்கப்படவுமில்லை; கேட்போர் எவருக்கும் கொட்டப்படவுமில்லை. அதனைப் பெறுபவர் அதற்குப் பொறுப்புமாகின்றார்.

தொகுத்து நோக்குமிடத்து, கைச்சுழலி முதற்கொண்டு இலத்திரனியல் திறப்பு வரையான நூற்றாண்டு வரலாறு, இயந்திரம் யாருடைய கட்டளைக்குப் பணியவேண்டும் என்னும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்துள்ளமை தெளிவாகும். வலிமைக்குப் பணிந்த இயந்திரம் பின்னர் உலோகத்துக்கும், அதன் பின்னர் எண்ணுக்கும் பணிந்தது. எந்நிலையிலும் அது மனிதரை இனங்கண்டதில்லை. உரியவர், கள்வன், தொழிலாளன் ஆகிய மூவரும் ஒரே விடையை அளிக்குமிடத்து மூவரும் அதற்கு ஒருவரே. அவர்களை வேறுபடுத்தவல்லது இயந்திரத்துக்கு வெளியே உள்ளது: உரியவரின் இசைவு, தொழிலாளரின் நேர்மை, பழைய வாகனத்தையும் மறவாத சட்டம், களவெடுக்கும் இளைஞனையும் கருத்திற்கொள்ளும் சமூகம். கருவிப் பலகையின் பின்னால் மறைந்து கிடக்கும் அவ்விரண்டாவது திறப்பு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அதனை அங்கே வைத்தவர் உரியவர். வைக்கும் வகை அறிந்தவர் தொழிலாளர். அதனைக் காப்பது அவ்விருவருக்கிடையே நிலவும் நம்பிக்கை. அந்நம்பிக்கையை வளர்க்காது பூட்டை மாத்திரம் வளர்க்கும் சமூகம், ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய பூட்டொன்றைத் தேடிக்கொண்டேயிருக்க நேரிடும்.